வரைபடத்தின் அளவும் வடிவமும்: எதை எங்கே பிடித்துத் திருப்ப வேண்டும்?

கேள்வி: பைத்தான் மொழியில் வரைபடம் போடும் மேட்பிளாட்லிப்பில், படத்தின் அளவைச் சொல்லும் ஃபிக்சைஸ் கொடுத்துத்தான் வரைகிறேன். ஆனாலும் சேமித்த படம் நான் சொன்ன அளவில் வருவதில்லை. கட்டுரைக்குள் வைத்தால் எழுத்து கண்ணுக்கே தெரியவில்லை. வட்டம் வரைந்தால் முட்டையாகிறது. அருகருகே இரண்டு படம் வைத்தால் சட்டங்கள் ஒரே அளவில் இல்லை. அளவையும் வடிவத்தையும் முழுதாக என் கைக்குள் வைத்துக்கொள்வது எப்படி?

பதில்:

நீங்கள் சொன்ன நான்கு தொல்லைக்கும் காரணம் வேறு வேறு. ஆனால் நான்கையும் சேர்த்துத் தீர்க்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. படம் கடைசியில் எங்கே உட்காரப் போகிறது, அங்கே எத்தனை சென்டிமீட்டர் இடம் என்று வரையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அந்த அளவிலேயே வரையுங்கள். அதன் பிறகு எந்த மென்பொருளிலும் அதை இழுக்கவோ சுருக்கவோ வேண்டாம். கீழே சொல்வதெல்லாம் இதைச் செய்து முடிக்கும் வழிதான்.

முதலில் மூன்று அளவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, முழுப் படத்தின் அளவு. மேட்பிளாட்லிப் இதை ஃபிகர் என்கிறது. நான் தாள் என்று சொல்கிறேன். இரண்டாவது, அந்தத் தாளுக்குள் இரண்டு அச்சுகளும் சேர்ந்து போடும் செவ்வகம். அதன் பெயர் ஆக்சஸ். இங்கே சட்டம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது, சட்டத்துக்குள் கிடை அச்சில் ஓர் அலகு எத்தனை நீளம், செங்குத்து அச்சில் ஓர் அலகு எத்தனை நீளம் என்ற விகிதம். ஃபிக்சைஸ் கட்டுப்படுத்துவது தாளை மட்டும்தான். சட்டத்தைப் பற்றியோ அலகு விகிதத்தைப் பற்றியோ அது ஒன்றும் சொல்வதில்லை. குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

நீங்கள் ஒன்றுமே சொல்லாமல் விட்டால் தாள் 6.4 அங்குல அகலம், 4.8 அங்குல உயரம். டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற எண், 100 என்பதால் 640க்கு 480 பிக்சல். சட்டம் தாளின் அகலத்தில் 0.125 தொடங்கி 0.9 வரை, உயரத்தில் 0.11 தொடங்கி 0.88 வரை நிற்கும். கணக்குப் போட்டால் சட்டத்தின் அளவு 4.96 அங்குலத்துக்கு 3.7 அங்குலம் வரும். அதாவது நீங்கள் 6.4 அங்குலம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் படத்தில் கோடு ஓடும் இடம் ஐந்து அங்குலம் கூட இல்லை. அளவெல்லாம் அங்குலத்தில் இருப்பது நமக்குத் தொந்தரவுதான், சென்டிமீட்டரை 2.54 ஆல் வகுத்துக் கொடுத்தால் சரியாகிவிடும்.

எழுத்து சின்னதாகிப்போவதற்கு வருவோம். எழுத்தின் உயரம், கோட்டின் தடிமன், குறியின் அளவு எல்லாமே பாயின்ட்டில் இருக்கின்றன. ஒரு பாயின்ட் என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. தாளைப் பெரிதாக்கினால் இவை சேர்ந்து பெரிதாவதில்லை. திரையில் விசாலமாகத் தெரியட்டும் என்று பலர் 12க்கு 8 அங்குலத்தில் வரைகிறார்கள். நேச்சர் இதழில் ஒற்றைப் பத்தியின் அகலம் 89 மில்லிமீட்டர், அதாவது மூன்றரை அங்குலம். அந்த 12 அங்குலப் படத்தை அங்கே வைத்தால் அது 0.29 மடங்காகச் சுருங்கும். 10 பாயின்ட்டில் இருந்த எழுத்து 2.9 பாயின்ட் ஆகிவிடும். 1.5 பாயின்ட் கோடு அரை பாயின்ட்டுக்கும் கீழே போய்விடும். அதே இதழ் படத்துக்குள் எழுத்து 5 முதல் 7 பாயின்ட் வரை இருக்கச் சொல்கிறது. எழுத்தை 24 பாயின்ட் ஆக்கி இதைச் சமாளிக்கலாம். ஆனால் அப்போது கோட்டையும், குறியையும், அச்சில் உள்ள சிறு கோடுகளையும் தனித்தனியே பெரிதாக்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் படம் கோணலாகத் தெரியும். தாளையே மூன்றரை அங்குலமாக வைத்து, எழுத்தை 7 பாயின்ட் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. திரையில் படம் சின்னதாகத்தான் தெரியும், பரவாயில்லை. பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிபிஐயைக் கூட்டினால் எழுத்து பெரிதாகும் என்று நம்புகிறவர்கள் நிறைய. ஆகாது. டிபிஐ கூடினால் அதே படம் அதிக பிக்சல்களால் வரையப்படும், அவ்வளவுதான். மூன்றரை அங்குலத் தாள் 300 டிபிஐயில் 1050 பிக்சல் அகலம், 600இல் 2100. எழுத்துக்கும் தாளுக்கும் உள்ள விகிதம் இரண்டிலும் ஒன்றே. அதனால் டிபிஐயைக் கடைசியாகத் தொடுங்கள், அதுவும் பிக்சல்களாகச் சேமிக்கும் பிஎன்ஜி கேட்டால் மட்டும். பிடிஎஃப் அல்லது எஸ்விஜியாகச் சேமித்தால், படத்துக்குள் பிக்சல் படம் ஏதும் இல்லாதவரை, அந்தக் கேள்வியே எழாது. பிஎன்ஜி கோப்புக்குள் டிபிஐ எண்ணையும் மேட்பிளாட்லிப் எழுதி வைக்கிறது. அதனால் வேர்டில் செருகும்போது, இடம் இருந்தால், சரியான சென்டிமீட்டர் அளவிலேயே உட்காரும். வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பி வாங்கினால் அதுவே படத்தைச் சுருக்கிவிடும், கோப்பாக அனுப்புங்கள்.

அடுத்து, சொன்ன அளவில் ஏன் சேமிக்கப்படவில்லை. நான் முதலில் பார்க்கும் இடம், படத்தைச் சேமிக்கும் சேவ்ஃபிக் வரியில் பிபாக்ஸ்_இன்ச்சஸ் என்பதற்கு டைட் என்று கொடுத்திருக்கிறார்களா என்பது. அது தாளின் ஓரத்தில் உள்ள வெற்றிடத்தை நறுக்கி, சுற்றிலும் 0.1 அங்குலம் மட்டும் விடும். எழுத்து தாளுக்கு வெளியே நீண்டிருந்தால் நறுக்குவதற்கு மாறாகத் தாளை விரிக்கவும் செய்யும். எப்படியானாலும் முடிவான அளவு நீங்கள் கொடுத்தது அல்ல. அச்சு எழுத்துகள் மாறினால் அளவும் மாறும். பிறகு அந்தப் படம் பத்தி அகலத்துக்கு இழுக்கப்படும்போது ஒரு படத்தில் எழுத்து 7.2 பாயின்ட், அடுத்ததில் 6.6 என்று ஆகிவிடும். ஜூபிட்டர் நோட்புக்கில் இது நீங்கள் கேட்காமலே நடக்கிறது, ஏனென்றால் அங்கே படத்தைக் காட்டும் முறையே டைட்தான். நோட்புக்கில் தெரிந்ததும் சேமித்ததும் வேறாக இருப்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். இன்லைன்பேக்கெண்ட் அமைப்பில், பிரிண்ட்_ஃபிகர்_கேடபிள்யூஆர்க்ஸ் என்பதில், பிபாக்ஸ்_இன்ச்சஸ் மதிப்பை நன் (None) என்று வைத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

தனிச் சன்னலில் படம் திறப்பவர்களுக்கு வேறொரு பொறி. சன்னலைச் சுட்டியால் இழுத்தால் தாளின் அளவே மாறும். அதற்குப் பிறகு சேமித்தால் மாறிய அளவில்தான் கோப்பு வரும். நிரலிலிருந்து நேராகச் சேமிப்பதே நல்லது. சன்னல் பார்ப்பதற்கு மட்டும் இருக்கட்டும்.

டைட் இல்லாமல் எழுத்து வெட்டுப்படாமல் இருப்பது எப்படி? படத்தை உருவாக்கும்போதே லேஅவுட் என்பதற்கு கன்ஸ்ட்ரெயின்ட் என்று கொடுங்கள். தாளின் அளவைத் தொடாமல், சட்டத்தை உள்ளே சுருக்கி எழுத்துக்கு இடம் செய்துகொடுக்கும். பழைய டைட்_லேஅவுட்டும் இதையே செய்யப் பார்க்கும், ஆனால் பல சட்டங்களுக்குப் பொதுவாக, எந்த நிறம் எந்த மதிப்பு என்று காட்டும் வண்ணப்பட்டை வந்தால் தடுமாறும். பெயர் ஒன்று போல இருப்பதால் டைட்_லேஅவுட்டையும் சேமிக்கும்போது வரும் டைட்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்னது சட்டத்தை மாற்றும். பின்னது தாளை மாற்றும்.

ஆனால் அருகருகே வைக்கும் இரண்டு தனிப் படங்களுக்கு கன்ஸ்ட்ரெயின்ட்டும் உதவாது. ஒன்றில் செங்குத்து அச்சில் 0.5 என்றும் மற்றதில் 10000 என்றும் இருந்தால், இரண்டாவதில் எழுத்துக்கு அதிக இடம் போய் சட்டம் ஒடுங்கும். முடிந்தால் இரண்டையும் ஒரே தாளில் இரண்டு சட்டமாகப் போடுங்கள். முடியாதென்றால் சட்டத்தின் அளவை நீங்களே அங்குலத்தில் முடிவு செய்து, அதிலிருந்து தாளுக்குப் போங்கள். எடுத்துக்காட்டாக, சட்டம் 2.5க்கு 2.5 அங்குலம். இடப்பக்கம் எழுத்துக்கு 0.6, வலப்பக்கம் 0.1, கீழே 0.5, மேலே 0.1. அப்படியானால் தாள் 3.2க்கு 3.1 அங்குலம். இனி ஆட்_ஆக்சஸ் என்ற கட்டளைக்கு நான்கு எண்கள் கொடுக்க வேண்டும்: 0.6/3.2, 0.5/3.1, 2.5/3.2, 2.5/3.1. இடது விளிம்பு, கீழ் விளிம்பு, அகலம், உயரம் என்ற வரிசை. எல்லாம் தாளின் பின்னமாக. இதை ஒரு சிறு சார்பாக எழுதி வைத்துக்கொண்டால் ஆய்வேடு முழுக்க ஒவ்வொரு சட்டமும் ஒரே அளவில் நிற்கும். அச்சு எண் இடத்துக்குள் அடங்கவில்லையென்றால் 0.6ஐ 0.7 ஆக்கி, எல்லாப் படத்தையும் மறுபடி ஓட்டுங்கள்.

இனி வட்டம். ஸ்கேட்டர் கட்டளையால் போடும் குறி எப்போதும் வட்டமாகவே இருக்கும், ஏனென்றால் அதன் அளவு பாயின்ட்டில். அதன் எஸ் மதிப்பு பரப்பைக் குறிக்கும், பாயின்ட்டின் வர்க்கத்தில். தானாக வருவது 36, அதாவது 6 பாயின்ட் விட்டம் அளவுக்கு. விட்டம் இரு மடங்காக வேண்டுமென்றால் எஸ்ஸை நான்கு மடங்காக்க வேண்டும். ஆனால் சர்க்கிள் என்ற உருவமாகப் போடும் வட்டத்தின் ஆரம் தரவின் அலகில் இருக்கிறது. கிடை அலகும் செங்குத்து அலகும் வேறு நீளத்தில் இருந்தால் அது முட்டையாவது நியாயமே. சட்டத்திடம் செட்_ஆஸ்பெக்ட் என்று சொல்லி ஈக்வல் என்று கொடுத்தால் இரண்டு அலகும் ஒரே நீளமாகும்.

அங்கே ஒரு கிளைவழி இருக்கிறது. அலகுகளைச் சமமாக்க மென்பொருள் எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். சட்டத்தின் வடிவத்தை விட்டுக்கொடுப்பது பாக்ஸ். அச்சு எல்லைகளை விட்டுக்கொடுப்பது டேட்டாலிம். ஆக்சிஸ் கட்டளையில் ஈக்வல் என்று சுருக்கமாகக் கொடுத்தால் டேட்டாலிம் வழி போகும், ஸ்கேல்ட் என்றால் பாக்ஸ் வழி. 0 முதல் 10 வரை என்று நீங்கள் எல்லை வைத்தும் அது -3 முதல் 13 வரை விரிந்து நிற்கிறதா? டேட்டாலிம் வேலை செய்திருக்கிறது. எல்லை சரியாக இருந்து, சட்டம் ஒல்லியாகி இருபுறமும் வெள்ளையாகக் கிடக்கிறதா? அது பாக்ஸ். நான் எப்போதும் பாக்ஸைத்தான் எடுப்பேன். எல்லை என் தரவைப் பற்றிய செய்தி, அதை மென்பொருள் மாற்றக் கூடாது. அந்த வெள்ளையைப் போக்கத் தாளின் வடிவத்தைச் சட்டத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். இப்படிப் பல சட்டங்கள் இருந்தால் லேஅவுட்டுக்கு கம்ப்ரெஸ்ட் என்று கொடுத்தால் நெருக்கி அடுக்கும்.

அலகுகள் சமமாக வேண்டாம், சட்டம் மட்டும் சதுரமாக வேண்டும் என்றால் செட்_பாக்ஸ்_ஆஸ்பெக்ட் இருக்கிறது, 2020இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து. கிலோவுக்கு எதிராக சென்டிமீட்டர் வரையும்போது சமமான அலகு என்பதற்குப் பொருளே இல்லை. அங்கே இதுதான் பொருத்தம். இடத்தின் வரைபடத்தில் அகலாங்கும் நெட்டாங்கும் அச்சுகளாக இருந்தால் ஈக்வலும் தவறு. லண்டன் இருக்கும் 51.5 டிகிரியில் ஒரு டிகிரி நெட்டாங்கின் தூரம், ஒரு டிகிரி அகலாங்கின் தூரத்தில் 0.62 பங்குதான். ஆகவே ஆஸ்பெக்ட் 1.6 என்று கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஊர் அகலவாக்கில் இழுபட்டுத் தெரியும். சென்னையின் 13 டிகிரிக்கு அது 1.03, கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்.

இதுவரை இயந்திர வேலை. நீங்கள் கேட்காத, ஆனால் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற கேள்வி: வடிவம் எதுவாக இருக்க வேண்டும்? 6.4க்கு 4.8 என்பது பழைய கணினித் திரையின் விகிதம். உங்கள் தரவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

வில்லியம் கிளீவ்லாண்டும் அவருடன் வேலை செய்தவர்களும் 1988இல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கோடுகளின் சரிவைக் கண் ஒப்பிட்டுப் பார்க்கிறது. சரிவுகள் 45 டிகிரிக்கு அருகில் இருக்கும்போது அந்த ஒப்பீடு நன்றாக வருகிறது. ஆகவே படத்தின் வடிவத்தை அப்படித் தேர்ந்தெடுக்கலாம் என்பது அவர்கள் வாதம். இதற்கு வழக்கமாகக் காட்டும் தரவு சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கை. ஆண்டுச் சராசரி 1700 முதல் கிடைக்கிறது. பெல்ஜியத்தின் ராயல் அப்சர்வேட்டரி அதை இலவசமாகத் தருகிறது. இறக்கி நீங்களே போட்டுப் பாருங்கள்.

முதலில் 5க்கு 5 அங்குலச் சதுரத்தில் 1700 முதல் 2019 வரை முழுவதையும் போடுங்கள். ஏறத்தாழ பதினோரு ஆண்டுக்கு ஒரு சுற்று, ஒவ்வொன்றும் 0.17 அங்குல அகலத்தில், ஊசி ஊசியாக நிற்கும். சில காலத்தில் ஊசி உயரம், சில காலத்தில் குட்டை என்பது தெரியும். வேறொன்றும் தெரியாது. ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் சுவர் போல ஒன்றாகவே இருக்கும்.

இப்போது 7 அங்குல அகலத்தில், 3.6 அங்குல உயரத் தாளில், மேலிருந்து கீழாக நான்கு சட்டம். ஒவ்வொன்றிலும் 80 ஆண்டு: 1700–1779, 1780–1859, 1860–1939, 1940–2019. ஒவ்வொரு சட்டமும் முக்கால் அங்குலம் கூட உயரம் இருக்காது. செங்குத்து அச்சு நான்குக்கும் பொதுவாக இருக்க ஷேர்ஒய் என்பதை ட்ரூ என்று வைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் உயரங்களை ஒப்பிட முடியாது. லேஅவுட் கன்ஸ்ட்ரெயின்ட். அவ்வளவுதான், ஆனால் படம் பேசத் தொடங்கும். பெரும்பாலான சுற்றுகள் நான்கைந்து ஆண்டில் விறுவிறுவென்று ஏறி, ஆறேழு ஆண்டில் மெதுவாக இறங்குவது பளிச்சென்று தெரியும். இரண்டாம் சட்டத்தில் 1800ஐ ஒட்டி வரும் தாழ்ந்த சுற்றுகள் மேடும் பள்ளமுமாகச் சமச்சீராக இருப்பதையும், நான்காம் சட்டத்தில் 1957ஐ ஒட்டிய பெரும் உச்சம் செங்குத்தாக ஏறுவதையும் சேர்த்துப் பாருங்கள். பெரிய சுற்று வேகமாக ஏறும் என்பது சூரிய ஆய்வாளர்கள் நன்கு அறிந்த உறவு. தரவு அதே தரவு. சதுரத்தில் இது மறைந்திருந்தது, பட்டையில் வெளியே வந்தது. ஃபிக்சைஸை அழகுக்கான எண் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

45 டிகிரி எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதி அல்ல. பட்டை வரைபடத்தில் நாம் பார்ப்பது நீளம், சரிவு அல்ல. அங்கே உயரத்தைப் பட்டைகளின் எண்ணிக்கையிலிருந்து எடுங்கள்: படுக்கைவாட்டில் போட்டு, பட்டைக்கு 0.25 அங்குலம், மேலே கீழே சேர்த்து 0.8. முப்பத்தெட்டு மாவட்டங்கள் என்றால் 10.3 அங்குலம், ஏ4 தாளின் 11.7 அங்குல உயரத்துக்குள் அடங்கிவிடும். கணித்த மதிப்புக்கு எதிராக அளந்த மதிப்பைப் போடும் படம் எப்போதும் சதுரம், சம அலகு, சம எல்லை. அப்போதுதான் மூலைவிட்டக் கோடு மூலைவிட்டமாக இருக்கும்.

படக்கட்டமாகக் காட்டும் இம்ஷோ தானாகவே சம அலகில் நிற்கும், பிகலர்மெஷ் நிற்காது. இம்ஷோவின் பக்கத்தில் வண்ணப்பட்டை படத்தைவிட உயரமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃப்ராக்‌ஷன் 0.046, பேட் 0.04 என்ற எண்களை இதற்கு மருந்தாக எல்லோரும் நகலெடுக்கிறார்கள். படம் சதுரத்தை ஒட்டி இருக்கும்வரைதான் அது சரிவரும். மேக்_ஆக்சஸ்_லொகேட்டபிள் வழியாகப் படத்தோடு ஒட்டிய ஒரு சட்டத்தை 5 சதவீத அகலத்தில் வாங்கி அதில் வண்ணப்பட்டையை வைத்தால் படத்தின் உயரம் எதுவானாலும் ஒத்துப்போகும்.

வேறு மென்பொருளில் வரைபவர்களுக்கும் கதை இதேதான், பெயர்கள் மட்டும் வேறு. ஆர் மொழியின் ஜிஜிபிளாட்2வில் தாளின் அளவு ஜிஜிசேவ் கட்டளையில் இருக்கிறது. அங்கே அகலம் உயரம் கொடுக்காவிட்டால் அப்போது திறந்திருக்கும் சன்னலின் அளவை எடுத்துக்கொள்ளும். நேற்றும் இன்றும் ஒரே நிரல் இரண்டு அளவில் சேமிப்பது அதனால்தான். சட்டத்தின் வடிவத்துக்குத் தீம் பகுதியில் ஆஸ்பெக்ட்.ரேஷியோ, சம அலகுக்குக் கோர்ட்_ஃபிக்ஸ்ட். தீமில் கொடுக்கும் எழுத்தளவு பாயின்ட்டில், ஜியோம்_டெக்ஸ்ட்டில் கொடுப்பது மில்லிமீட்டரில். இரண்டிலும் 11 என்று போட்டுவிட்டு ஒன்று மட்டும் ராட்சதமாக இருக்கிறதே என்று திகைப்பவர்கள் ஏராளம், பாயின்ட்டை 2.845 ஆல் வகுத்துக் கொடுங்கள்.

நூபிளாட்டில் செட் டெர்மினல் வரியில் வரும் சைஸ்தான் தாள். தனியாக வரும் செட் சைஸ் தாளுக்குள் படத்தைச் சுருக்குவது மட்டுமே. அங்கே ரேஷியோ 0.5 என்றால் சட்டத்தின் உயரம் அகலத்தில் பாதி, ரேஷியோ -1 என்றால் சம அலகு. எக்செலில் பெரும் தொல்லை, அட்டவணையின் நெடுவரிசையை அகலமாக்கினால் வரைபடமும் சேர்ந்து இழுபடுவது. வரைபடத்தின் பண்புகளில், கட்டங்களோடு நகரவும் அளவு மாறவும் வேண்டாம் என்ற தெரிவை எடுத்தால் நின்றுவிடும்.

லேடெக்கில் எழுதுபவர்கள் பத்தி அகலத்தை ஊகிக்க வேண்டாம். காலம்விட்த் மதிப்பை ஆவணத்திலேயே அச்சிட்டுப் பார்க்கலாம். அது டெக் பாயின்ட்டில் வரும், 72.27 சேர்ந்தால் ஓர் அங்குலம். அதால் வகுத்து வரும் எண்ணை ஃபிக்சைஸில் போடுங்கள். இன்க்ளூட்கிராஃபிக்ஸில் அகலம் எதுவும் கொடுக்காதீர்கள். கொடுக்காமலே பொருந்தினால் நீங்கள் கேட்ட 7 பாயின்ட் அச்சிலும் 7 பாயின்ட்டாகவே வரும்.

தமிழில் அச்சுப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு சொல். நம் சொற்கள் நீளம், மேலும் கீழும் எழுத்து நீட்டிக்கொண்டிருக்கும், ஆகவே இடது ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் தாராளமாக இடம் விடுங்கள். மேட்பிளாட்லிப்போடு வரும் டெஜாவு சான்ஸில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்துருவைக் கொடுத்தாலும், நீண்ட காலமாகப் புழக்கத்தில் இருக்கும் பதிப்புகளில், கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்விடுகிறது. எஸ்விஜியாகச் சேமித்து, எஸ்விஜி.ஃபாண்ட்டைப் அமைப்பை நன் என்று வைத்தால், எழுத்து எழுத்தாகவே கோப்பில் போகும். உலாவியோ, எஸ்விஜியைத் திருத்தும் இங்க்ஸ்கேப்போ அதைச் சரியாகக் கோத்துக் காட்டும். ஆனால் இடம் கணக்கிட்டது மேட்பிளாட்லிப். அதன் கணக்கில் சொல்லின் அகலம் சற்று வேறாக இருக்கும் என்பதால் இங்கே கன்ஸ்ட்ரெயின்ட்டை நம்ப வேண்டாம். மேலே சொன்னபடி ஓர இடத்தை அங்குலத்தில் நீங்களே வைத்து, 0.6க்குப் பதில் 0.8 என்று தொடங்கி, இங்க்ஸ்கேப்பில் திறந்து பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.